விழாவில் கண்ட முதுசம்

முதுசம் என்றால் இன்னதென்று யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாட்டனும் தந்தையும் ஆண்டு அநுபவித்து நமக்கு விட்டுச் சென்ற காணியும் கிணறும் முதுசம். அதனைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது எல்லையை எழுதுகிறோம். கிணற்றுப் பங்கை எழுதுகிறோம். வழிவாய்க்கால் உரிமையை எழுதுகிறோம். காணியின்மேல் ஈடு இருப்பின் அதனையும் எழுதுகிறோம். விளைச்சலைக் காட்டிக் கடனை மறைத்து உறுதி முடிக்கும் நொத்தாரிசை ஊர் மதியாது.

காணிக்கு உரிய இந்த நியாயம் ஒரு மக்களின் பண்பாட்டுக்கும் உரியதன்றோ? தம் முன்னோரின் வாழ்வை விழாவெடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டும் எவரும், அம்முன்னோர் ஈட்டிய பெருமையோடு அவர்கள் பட்ட துயரையும், அவர்கள் பிறர்க்கு இழைத்த தீங்கையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதே என் கருத்து. இக்கருத்து எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. பேரப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்நிய நாட்டு விழா ஒன்றைச் சுற்றி வந்தபோது, அவர்கள் கேட்ட வினாக்களிலிருந்து பிறந்தது.

அபுதாபியில் பொறியியலாளராகப் பணிபுரியும் என் மகன் வீட்டில் மார்கழி விடுமுறையைக் கழிக்கச் சென்றிருந்தேன். பதினொரு வயதுப் பேர்த்தியும் ஏழு வயதுப் பேரனும், அல் வத்பா என்னும் இடத்தில் ஆண்டுதோறும் மாரிகாலத்தில் மாதக்கணக்காக நடைபெறும் ஷேக் சாயித் விழாவுக்கு என்னை அழைத்துப் போக வேண்டுமென்று நின்றனர். அபுதாபி நகரிலிருந்து மோட்டார் வண்டியில் ஒரு மணி நேரத்துக்குட்பட்ட தூரம். வீதியின் இருமருங்கும் மணல்.

விழாவுக்குப் பெயர் தந்தவர் 1966இல் அபுதாபியின் ஆட்சியை ஏற்றவர். 1971 டிசம்பர் 2ஆம் நாள் ஆறு சிற்றரசுகள் இணைந்து ஐக்கிய அரபு இராச்சியம் பிறந்தபோது அதன் முதற் சனாதிபதியானவர். 2004இல் மறையும் வரை அப்பதவியில் இருந்தவர். ஏழாவதான ராஸ் அல் கைமா 1972 பெப்ரவரியில் வந்து சேர்ந்தது. இறந்த காலத்தை அறியாத மக்களுக்கு நிகழ்காலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை என்னும் கருத்தை வலியுறுத்தியவர் அவர் என்று அந்நாட்டார் நினைவுகூர்வர். அக்கருத்தின் பேரிலேயே இவ்விழா நடைபெறுகிறது.

ஆரவாரமும் அமைதியும்

உள்ளே புகுந்ததும் கண் கூசும். பல நாடுகளின் பெயர் தாங்கிய கூடங்கள், அவற்றுள் கம்பளமும் வாசனைத் திரவியமும் இனிப்பும் விற்கும் கடைகள், இசைக்கேற்ப ஆடும் நீரூற்று, இராட்டினங்கள், அலங்கரித்த மோட்டார் வண்டிகள். இரவில் வாணவேடிக்கை. ஆளில்லாச் சிறு வானூர்திகள் ஒளிவிட்டு வானத்தில் உருவங்களை வரைகின்றன. புத்தாண்டு இரவுகளில் இவ்விடத்து வாணவேடிக்கை கின்னஸ் சாதனைகளைப் படைத்துள்ளது என்றும் சொன்னார்கள்.

இவற்றைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. பிள்ளைகள் மகிழ்ந்தனர்; நானுந்தான் மகிழ்ந்தேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் பிள்ளை கடலைக்கும் காப்புக் கடைக்கும் போவதில்லையா? ஆயினும் இவை எந்த நாட்டு எந்த விழாவிலும் இருக்கக் கூடியவை. பணம் உள்ளவன் எவனும் வாணத்தை வாங்கிக் கொளுத்தலாம். ஒரு மக்களின் மரபு வானத்தில் இல்லை. தரையிலே, கையிலே, வாயிலே இருக்கிறது.

அது இருந்த இடம் சற்று ஒதுக்குப்புறமாக இருந்தது. பேரீச்சை ஓலையால் வேய்ந்த குடில்கள் சில. ‘அரீஷ்’ என்று அவற்றைச் சொல்கிறார்கள். கிடுகு வேய்ந்த வீட்டில் பிறந்த எனக்கு அந்நிழலின் குளிர்ச்சி புதிதன்று. பனையை நாம் எப்படி அடி முதல் நுனி வரை பயன்கொண்டோமோ அப்படியே அவர்கள் பேரீச்சையைப் பயன்கொண்டனர். பழம் உணவு, ஓலை கூரையும் பாயும் கூடையும், மட்டை சுவர், நார் கயிறு.

ஒரு குடிலில் முகத்திரையணிந்த மூதாட்டி ஒருவர் தரையில் நீட்டிக் கட்டிய தறியின் முன் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். அது ‘சது’ என்னும் நெசவு. ஆட்டு மயிரையும் ஒட்டக மயிரையும் நூற்றுச் சாயமூட்டி, கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகக் கூடாரத் துணியும் ஒட்டகச் சேணமும் நெய்வது பாலைவனத்துப் பெண்களின் தொழில். வீடுகள் கல்லாகி, ஒட்டகத்தின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்தபின் அத்தொழில் அருகிற்று. 2011இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

பேர்த்தி அருகே போய் நின்றாள். அந்நாட்டுப் பள்ளிகளில் பிறநாட்டுப் பிள்ளைகளும் அரபு கற்க வேண்டும். ஆதலால் அவளுக்குச் சில சொற்கள் தெரியும். மூதாட்டி அவளைப் பக்கத்தில் இருத்தி, அவள் விரலைப் பிடித்து நூலைக் கோக்கக் காட்டினார். கால் மணி நேரம் கழிந்தது. வெளியே நீரூற்று ஆடியது. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. நெய்த நாடாத் துண்டொன்றை அவர் அவள் கையிற் கட்டி அனுப்பினார்.

மற்றொரு குடிலில் காப்பி தந்தனர். ஏலக்காய் மணக்கும் காப்பி. கைப்பிடியில்லாத சிறு கிண்ணம். வலக்கையால் வாங்க வேண்டும். போதுமெனில் வாய் திறவாமல் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பேரன் இதை அறிந்ததும் ஆட்டுவதற்காகவே மும்முறை வாங்கிக் குடித்தான். வீடு திரும்பிய பின்னும் தேநீர்க் கோப்பையை ஆட்டிக்கொண்டிருந்தான். வானூர்திகள் எந்த உருவத்தை வரைந்தன என்று மறுநாள் கேட்டேன், அவனுக்கு நினைவில்லை. கையாற் செய்ததே பிள்ளையின் மனத்தில் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நீரின் பங்கு

கமக்காரர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாலைவனத்தில் பேரீச்சந்தோட்டம் எப்படி வளர்ந்தது? மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, நிலத்தின் கீழே சிறு சரிவாகக் கால்வாய் வெட்டி, நீரைத் தானாக ஓடச் செய்து, பல கல் தூரத்திலுள்ள தோட்டத்திற் கொண்டுபோய் விட்டனர். இதற்கு ‘பலஜ்’ என்று பெயர். துலா இல்லை, சூத்திரம் இல்லை, யந்திரம் இல்லை. அபுதாபிச் சிற்றரசின் உள்நாட்டு ஊரான அல் ஐன் பகுதியில் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த பலஜ்களின் எச்சங்களை அகழ்ந்தெடுத்துள்ளனர். 2011இல் அல் ஐனின் பண்பாட்டுத் தலங்கள் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. 2020இல் பலஜ் பற்றிய அறிவும் வழக்காறும் யுனெஸ்கோவின் மற்றொரு பட்டியலில் இடம்பெற்றன.

ஓடி வந்த நீரை இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று முறைவைத்துப் பங்கிட்டனர். பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் விண்மீனைப் பார்த்தும் நேரம் கணித்தனர். கிணற்றுப் பங்கும் இறைப்பு முறையும் அறிந்த நம்மவர்க்கு இதன் அருமை எளிதிற் புலப்படும். நீர் பெருகிய இடத்தில் சட்டம் பிறப்பதில்லை. நீர் அருகிய இடத்திலேதான் பிறக்கிறது. ஷேக் சாயித் 1946 முதல் அல் ஐனில் ஆட்சியாளரின் பிரதிநிதியாக இருந்தபோது, தூர்ந்த பலஜ்களைத் திருத்தி நீரைப் பலர்க்கும் கிடைக்கச் செய்தார் என்பது அவரைப் பற்றி அந்நாட்டார் முதலிற் சொல்லும் புகழ். எண்ணெயால் வந்த புகழ் பிந்தியது.

முத்தும் கடனும்

கடலோர வாழ்வைக் காட்டும் பகுதியில் முத்துக்குளிப்புப் படகொன்றின் உருவம் நின்றது. சுழியோடியின் காலிற் கட்டும் கல், சிப்பி வாரும் கூடை, ஆமையோட்டால் ஆகிய மூக்குப்பிடி ஆகியவை இருந்தன. பாடகர் சிலர் படகுப் பாட்டுப் பாடினர்.

இந்த இடத்தில் நான் பிள்ளைகளுக்கு ஆசிரியனானேன். ஏனெனில் இது நம்மையும் தொட்ட கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, பாரசீகக் குடாவிலிருந்து அராபியச் சுழியோடிகள் பெருந்தொகையினராக வந்து, மரிச்சுக்கட்டிக் கரையில் தமிழ்ச் சுழியோடிகளோடும் சோனகச் சுழியோடிகளோடும் கூடிக் கடலில் இறங்கினர். அராபியர் மூக்குப்பிடி மாட்டிக் குளித்தனர். நம்மவர் விரலால் மூக்கைப் பொத்திக் குளித்தனர். பேரன் உடனே மூக்கைப் பொத்தி மூச்சடக்கிப் பார்த்தான். பின்னர் கேட்டான்: “அப்பப்பா, இவ்வளவு கஷ்டப்பட்டவை எல்லாரும் பணக்காரர் ஆயிருப்பினம், என்ன?”

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. யூன் முதல் செப்டெம்பர் வரை நான்கு மாதக் கடுங்கோடையில் படகு கடலில் நிற்கும். நாளொன்றுக்குப் பல பத்து முறை சுழியோடுவர். காது செவிடாகும், கண் பழுதாகும். வீட்டார் உண்பதற்குப் பருவம் தொடங்குமுன் படகுத் தலைவனிடம் முற்பணம் வாங்குவர். பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் கடன் தீராது. அடுத்த பருவத்துக்கும் அவனிடமே போக வேண்டும். தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் விழும். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் அப்படகுகளிற் சுழியோடினர். பின்னர் யப்பானியர் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் வித்தையைக் கண்டு, 1920களில் அம்முத்துச் சந்தைக்கு வந்தது. 1929இல் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்தது. குடாவின் முத்து வாணிகம் படுத்தது. 1958இல் அபுதாபிக் கடலடியில் எண்ணெய் கண்டு, 1962இல் ஏற்றுமதி தொடங்கும் வரை அக்கரையோரத்தார் வறுமையிற் கிடந்தனர்.

பாட்டு இனிமையாக இருந்தது. ஆனால், நான் நின்று பார்த்த வரையில், அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருந்த கடனைப் பற்றியோ அடிமையைப் பற்றியோ பிள்ளைகளுக்குச் சொல்வார் அங்கில்லை. சொல்ல முடியாததன்று. அயல்நாடான கட்டாரின் தலைநகர் தோகாவில், அடிமை வரலாற்றைக் கூறுவதற்கென்றே பின் ஜல்மூத் இல்லம் என்னும் அரும்பொருட்சாலை 2015இல் திறக்கப்பட்டது. அதனால் அந்நாட்டின் மானம் குறைந்துவிடவில்லை, கூடிற்று.

ஒட்டகத்தின்மேல் இருந்தது யார்?

விழாவுக்குப் போகும் வழியிலே பேரன் ஒரு விந்தையைக் கண்டிருந்தான். அல் வத்பாவில் ஒட்டகப் பந்தயத் திடல் உண்டு. பயிற்சிக்கு விட்ட ஒட்டகங்களின் முதுகில் மனிதர் இல்லை. துணி போர்த்திய சிறு யந்திரம் ஒன்று இருந்து சாட்டையைச் சுழற்றியது. “ஏன் அப்பப்பா, மேலை ஆக்கள் இல்லை?” என்றான்.

அவனுக்கு விடை சொல்ல என் நா எழவில்லை. ஏனெனில் விடை அவன் வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. பாரம் குறைந்தால் ஒட்டகம் விரைந்தோடும் என்பதற்காக, வறிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவரை ஒட்டகத்தின்மேல் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. ஐந்தாறு வயதுப் பாலகரும் அவர்களுள் இருந்தனர். நிறை கூடாதிருக்க அவர்களைப் பட்டினி போட்டனர். விழுந்து முடமானோர் பலர். முன்னர் அறிவித்த தடைகள் ஏட்டளவில் நின்றன. 2005இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரை ஏற்றலாகாதெனச் சட்டம் வந்தது. யுனிசெப் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரைப் பாகிஸ்தான், வங்காளதேசம், சூடான், மௌரித்தானியா ஆகிய நாடுகளிலுள்ள தம் வீடுகளுக்கு அனுப்பினர். அவர்கள் இருந்த இடத்தில் யந்திரம் ஏறியது. ஒட்டக ஓட்டம் 2020இல் யுனெஸ்கோப் பட்டியலில் ஏறியது.

“உன்னைப்போலச் சின்னப் பிள்ளைகளை ஏற்றினவை, அது பிழை என்று கண்டு நிற்பாட்டிப்போட்டினம்” என்று சுருங்கச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பேர்த்திதான் கேட்டாள்: “அப்ப, அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலை இதை எழுதி வைக்கலாம்தானே?”

எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால் அஃது இழுக்கன்று, பெருமையே. பிழையைக் கண்டு திருத்திக்கொள்ளும் ஆற்றலும் ஒரு மரபுதான். மற்றெல்லா மரபுகளுக்கும் உயிர் தருவது அம்மரபே.

கணக்கில் வராதவர்

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அந்நாட்டில் வாழ்வோருள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் பிறநாட்டார். தம் நாட்டிலேயே தொகையாற் சிறுபான்மையினராகிவிட்ட மக்கள், தம் மொழியும் நெசவும் காப்பிக் கிண்ணமும் பேரப் பிள்ளைகளோடு அழிந்துவிடுமோ என்று அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்திலிருந்தே இவ்விழா இத்துணைப் பொருட்செலவில் எழுகிறது என்று எண்ணுகிறேன். தொகையிற் சிறியோர் தம் மரபைக் காக்க முனைவதை நம்மைவிட நன்கு உணரக்கூடியவர் எவர்?

ஆயின் அக்கூடங்களை எழுப்பியோரும், மணலை வாரியோரும், வாயிலில் நிற்போரும் அந்தப் பத்தில் ஒன்பதைச் சேர்ந்தவர்களே. நம் நாட்டுத் தாய்மாரும் இளைஞரும் அவர்களுள் உள்ளனர். யூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் வெயிலில் வெளிவேலை வாங்கலாகாதென்று அங்குச் சட்டமுண்டு. நல்ல சட்டம். அன்று முத்துக்குளிப்பு நடந்ததும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் என்பதை எண்ணிப் பார்த்தேன். கடன் வாங்கி முகவர்க்குக் கொடுத்துவிட்டு வந்து, அக்கடனை அடைப்பதற்கே ஓரிரு ஆண்டு உழைப்பவனின் கதை, படகுத் தலைவனிடம் முற்பணம் வாங்கிய சுழியோடியின் கதைக்கு எவ்வளவு தூரம்? என்றாவது ஒருநாள் அந்நாட்டு மரபு விழாவில் கட்டடத் தொழிலாளியின் தலைக்கவசமும் ஒரு குடிலில் வைக்கப்படுமாயின், அன்றே அம்முதுசத்தின் உறுதி நிறைவெய்தும்.

நம் உறுதியில் என்ன எழுதியிருக்கிறோம்?

பிறர் வீட்டுக் கணக்கைப் பார்த்தவன் தன் வீட்டுக் கணக்கை மூடி வைத்தல் தகாது. பலஜ் நீரைப் பங்கிட்ட கதையைக் கேட்ட பேர்த்தி, “எங்கட ஊர்க் கிணத்திலையும் எல்லாரும் முறைவைச்சு அள்ளினவையோ?” என்றாள். கிணற்றுப் பங்கைப் பற்றி விரிவாகச் சொன்னேன். சொல்லி முடித்த பின்னரே, பங்கு இருந்தவர்களைப் பற்றி மட்டும் சொன்னேன் என்பது உறைத்தது. கிணற்றடிக்கு வரவொட்டாது, ஒருவர் அள்ளி வார்க்கக் கையேந்தி நின்றோரும் நம் ஊரில் இருந்தனர். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோரும் இருந்தனர். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தது என்னவென்று என் தலைமுறையார் அறிவர். அன்றிரவு அதனையும் பிள்ளைக்குச் சொன்னேன். முத்துக்குளித்தோரின் கடனைச் சொன்ன வாய் இதைச் சொல்லாதிருந்தால், என்னையும் கடனை மறைத்து உறுதி முடித்தவர்களோடு சேர்த்து வைக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளைப் பெற்றோர் இத்தகைய விழாக்களுக்குத் தவறாது அழைத்துச் செல்வாராக. போனால் வாணத்துக்கும் இராட்டினத்துக்கும் முன்னே ஓலைக் குடிலுக்குப் போவாராக. பிள்ளை நூலைத் தொடட்டும், கிண்ணத்தை ஆட்டட்டும், முதியோரின் அருகில் அமரட்டும். வினாக் கேட்டால் இனியதை மட்டும் பொறுக்கி விடை கூறாதிருப்பாராக. பிள்ளைகள் உண்மையைத் தாங்குவர். நாம் தாம் அவர்களுக்காக அஞ்சுகிறோம்.

நான் ஊர் திரும்பும் நாளில் பேர்த்தியின் கையில் அந்த நாடாத் துண்டு இன்னும் கிடந்தது. அரபு எழுத்தை நன்றாக எழுதுகின்ற அவளுக்குத் தமிழ் எழுத்து இன்னும் தடுமாறுகிறது. அது யாருடைய பிழை என்று மகனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது மூதாட்டியின் பிழையுமன்று, விழாவின் பிழையுமன்று. இப்போது கிழமைதோறும் வெள்ளிக்கிழமை இரவில் தொலைபேசியில் அவளுக்கு ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். தானே எழுதிய ஒரு பந்தியை அவள் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சென்ற கிழமை அவள் எழுதி வாசித்த பந்தி ஒட்டகத்தைப் பற்றியது. யந்திரத்தைப் பற்றியும் எழுதியிருந்தாள். யந்திரத்துக்கு முன் அங்கே இருந்தவர்களைப் பற்றியும் எழுதியிருந்தாள்.